ரெட்டாவின் இடக்கைத் துப்பாக்கி

ஸ்டில்மன் ஊரில் டிராக்டருக்கோ அறுவடை இயந்திரத்துக்கோ பாகம் வாங்கக் கிளம்புகிறவர்கள் கடையின் பெயரைச் சொல்வதில்லை. “ரெட்டாகிட்ட போய்ட்டு வந்துடறேன்” என்பார்கள். கடைக்கு முதலாளி இரண்டு முறை மாறிவிட்டார். வாசல் போர்டு மூன்று முறை மாறிவிட்டது. கவுன்ட்டருக்குப் பின்னால் ரெட்டா லிண்ட்க்விஸ்ட் மட்டும் இருபத்திரண்டு வருடமாக அப்படியே இருந்தாள். பக்கத்து ஸ்டூலில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருப்பவள் நான், மேவிஸ். எனக்கு இன்னும் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் பாகத்தின் எண் சொல்ல வரும்.

ரெட்டாவுக்கு அது வேண்டியதில்லை. எண்ணெய்த் துணியில் சுற்றிய உடைந்த இரும்பை யாராவது கொண்டுவந்து வைத்தால், உள்ளங்கையில் போட்டு ஒரு புரட்டுப் புரட்டுவாள்.

“இது உன் மெஷினோடது இல்லையே, லாயிட்.”

“என் மெஷின்தான்.”

“உன்னோடது எழுபத்தொன்பது மாடல். இது எண்பத்தி மூணு. ஊர்ல எண்பத்தி மூணு வச்சிருக்கறது உன் மச்சான் ஒருத்தன்தான்.”

லாயிட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவார். “அவன்கிட்ட சொல்லிடாத, ரெட்டா.”

“வெள்ளிக்கிழமை புதுசு வந்துரும். அவன் பாக்கறதுக்குள்ள மாட்டிடு.”

இப்படிப்பட்டவளுக்கு ஒரு ஏப்ரல் மாதம் வலது கண் போனது. பனி உருகி, குதிரைகளை வெளியே விடுவதற்கு முன் வேலியைச் சரிபார்க்கிற நேரம். பழைய முள்கம்பியை இழுத்து முறுக்கிக்கொண்டிருந்தாள். துருப்பிடித்த இடத்தில் கம்பி அறுந்து, சாட்டை மாதிரித் திரும்பி வந்தது. அவள் கணவர் டெல்மர் பில்லிங்ஸ் நகர ஆஸ்பத்திரி வரை இரண்டரை மணி நேரம் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் அவள் ஒரு சொட்டுக்கூட அழவில்லையாம். “வேலிய அப்படியே விட்டுட்டு வந்துட்டோம், குதிர வெளிய போயிடும்” என்று மட்டும் மூன்று தடவை சொன்னாளாம். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

ஜூன் மாதம் வேலைக்குத் திரும்பினாள். புதிதாக வைத்த பொய்க்கண் அசலைப் போலவே இருந்தது, ஆனால் அது பாட்டுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் நாள் எனக்குக் காபி ஊற்றினாள். கோப்பைக்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே ஊற்றிவிட்டாள். காபி மேஜையில் ஓடி, கீழே இருந்த விலைப்பட்டியலை நனைத்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“டாக்டர் சொன்னாரு,” என்றாள். “ரெண்டு கண்ணும் சேந்தாதான் தூரம் தெரியுமாம். ஒத்தக் கண்ணுக்கு எல்லாம் படத்துல ஒட்டின மாதிரிதான். மூள வேற வழி கண்டுபுடிக்கணும். ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷம் ஆகலாம்னாரு.”

“அதுவரைக்கும் காபி நான் ஊத்தறேன்,” என்றேன்.

“நீ போட்டா அது காபியே இல்ல,” என்று சொல்லிவிட்டு, அடுத்த கோப்பையின் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, அதன் வழியே பார்த்து ஊற்றினாள்.

கவுன்ட்டர் வேலை பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான், அது வேட்டை.

வெளியூர்க்காரர்கள் டெல்மரைப் பார்த்தால் அவர்தான் வேட்டைக்காரர் என்று நினைப்பார்கள். ஆறடி உயரம், தாடி, எரிவாயு லாரி ஓட்டுகிற தடித்த கைகள். உண்மையில் டெல்மர் காட்டுக்குப் போனால் மரத்தடியில் சாய்ந்து தூங்கிவிடுவார். சுமப்பதற்குத்தான் அவர் போவது. பன்னிரண்டு வயதிலிருந்து சுடுகிறவள் ரெட்டா. வருடத்துக்கு ஒரு எல்க் மான், ஒன்றிரண்டு சிறு மான் என்று அவள் கொண்டுவருவதுதான் அந்த வீட்டுக்கு வருடம் முழுவதும் கறி. கடையில் மாட்டுக்கறி வாங்குவதை அவள் தோல்வியாகவே நினைப்பாள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சரளைக்கல் குழிக்குப் போய்ச் சுட்டுப் பார்க்கலாம் என்று டெல்மரோடு என்னையும் கூப்பிட்டாள். வலது தோளில் வைத்தால் வலது கண்ணால்தான் குறி பார்க்க வேண்டும். அது இல்லை. அதனால் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினாள். முதல் குண்டு குறி அட்டையில் எங்கோ பட்டது. அடுத்த தோட்டாவை ஏற்ற, தாழ்ப்பாளைப் போலிருக்கும் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். அந்தக் கைப்பிடி வலக்கைக்காரர்களுக்காக வலது பக்கம் இருந்தது. இடது கையை மேலே தூக்கி, முகத்துக்கு முன்னால் கொண்டுபோய், எட்டிப் பிடித்து இழுத்தாள். கை கண்ணுக்கு அருகே வந்ததும் அவள் கண் தானாக மூடிக்கொண்டது.

மறுபடி முயன்றாள். மறுபடியும் மூடிக்கொண்டது. பத்து முறை செய்தாள், பத்து முறையும் அப்படியே. பிறகு துப்பாக்கியை உறையில் வைத்து மூடிவிட்டு, பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்தாள்.

“ஒண்ணு போயிடுச்சில்ல,” என்றாள். “இருக்கற ஒண்ணுக்குப் பக்கத்துல என் கையே வந்தாலும் அது பயப்படுது. அத எப்படிக் கோவிச்சுக்கறது?”

டெல்மர், “இந்த வருஷம் நான் சுடறேன், நீ தூங்கு,” என்றார்.

“நீ சுட்டா நாம மூணு பேரும் பட்டினிதான்.”

“மூணு பேரா?”

“மானையும் சேத்து. உன் குறியில மாட்டறதுக்காக காத்திருந்தே அது செத்துரும்.”

சிரித்தோம். ஆனால் அடுத்த இரண்டு வாரம் அவள் வேட்டையைப் பற்றிப் பேசவே இல்லை. யாராவது பேச்சை எடுத்தால் கிடங்குக்குள் போய்விடுவாள்.

பிறகு ஒரு நாள், வைக்கோல் கட்டும் இயந்திரம் ஒன்றுக்கு நான்கு பாகங்களை நான்கு ஊரிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தாள். கையில் பென்சிலோடு திடீரென்று நிறுத்தினாள்.

“மேவிஸ், துப்பாக்கின்னா என்ன?”

“என்ன கேள்வி இது?”

“பார்ட்ஸ்தானே? குழல், அது மாட்டற உடல், விசை, தோள்ல வைக்கற மரக்கட்டை. இடக்கைக்காரங்க உலகத்துல இல்லாமலா இருக்காங்க? அவங்களுக்கு யாரோ இடப்பக்கம் கைப்பிடி வச்சு உடல் செய்யறாங்கல்ல? முழுசா ஒரு இடக்கைத் துப்பாக்கி நம்ம பக்கம் எந்தக் கடையிலயும் இல்ல. ஆனா பார்ட்ஸ் எங்கயாவது கிடைக்கும். பார்ட்ஸ் தேடறது தவிர எனக்கு வேற என்ன தெரியும்?”

அன்று மதியத்திலிருந்து அவள் முகமே வேறு மாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டு நேரம் முழுவதும் பட்டியல்களைப் புரட்டினாள். இடது பக்கம் கைப்பிடி உள்ள உடல் ஒன்று விஸ்கான்சினில் பழையதாகக் கிடைத்தது. குழலை ஒரேகானிலிருந்து வரவழைத்தாள். கட்டை மட்டும் பக்கத்து மாவட்டத்திலேயே, ஒரு விதவை வீட்டில் பழைய சாமான் விற்கிற கராஜ் விற்பனையில், யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. இடக்கைக் கட்டை என்பதால்தான் யாருக்கும் வேண்டாம். “ஆறு வருஷமா வித்துப் பாக்கறேன்” என்று அந்த அம்மாள் அதை ஒரு ஆப்பிள் பலகாரத்துக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டார்.

இவற்றில் உடல் பகுதிதான் சட்டத்தின் கண்ணுக்குத் துப்பாக்கி. மற்றதெல்லாம் தபாலில் வாசலுக்கு வந்துவிடும். உடல் மட்டும் உரிமம் பெற்ற கடைக்கு வந்து, படிவம் நிரப்பி, பின்னணி விசாரித்துத்தான் கைக்கு வரும். எங்கள் பக்கத்தில் அந்த உரிமம் கோல்பி ஸ்ட்ராண்டுக்கு இருந்தது. முப்பது வயசு, சிரிப்பதற்குக் கூலி கேட்கிற முகம், ஆனால் துப்பாக்கி வேலையில் கெட்டிக்காரன்.

“நீயே மாட்டிக் குடுத்துடு,” என்று ரெட்டா கேட்டாள்.

“பிப்ரவரிக்கு முன்னாடி முடியாதுங்க. அந்த அலமாரியப் பாருங்க.” அலமாரி முழுக்கத் துப்பாக்கிகள் சீட்டுக் கட்டிக் காத்திருந்தன. “எல்லாரும் செப்டம்பர்லதான் முழிச்சுக்கறாங்க.”

“வேட்டை சீசன் நவம்பரோட முடியுதே.”

“தெரியும்.”

“அப்ப நானே மாட்டறேன். கருவி குடு.”

கோல்பி அவளுடைய கண்ணைப் பார்த்தான், பிறகு பார்க்காத மாதிரி ஸ்க்ரூ டப்பாவைப் பார்த்தான். “குழல் வைஸ், உடலப் புடிக்கற ரெஞ்ச், கேஜ்… இதெல்லாம் நான் வெளிய குடுக்கறதில்லைங்க. குடுத்தா திரும்ப வராது. வந்தாலும் வளைஞ்சு வரும்.”

ரெட்டா ஜன்னல் வழியே பார்த்தாள். கடைக்குப் பின்னால் புல்வெட்டும் பழைய இயந்திரம் ஒன்று களை மூடிக் கிடந்தது.

“அது ஏன் ஓடல?”

“தண்ணி பம்ப் போச்சு. அந்தக் கம்பெனியே மூடிட்டாங்க. மூணு வருஷமா தேடறேன்.”

“வர செவ்வாக்கிழம பம்ப் வரும். கருவியக் கட்டி வை.”

செவ்வாய் வரவில்லை. புதன் வந்தது. ஒரு நாள் தாமதத்துக்கு அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். கோல்பி பம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அன்று முதன்முறையாகச் சிரித்தான் என்று சொன்னாள். எனக்கு நம்பிக்கை இல்லை.

ரெட்டா வீட்டு கராஜில் டெல்மரின் வேலை மேஜை இருந்தது. அதில் குழலைக் கவ்விப் பிடிக்கும் வைஸை நான்கு போல்ட் போட்டு இறுக்கினாள். பக்கத்தில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், பித்தளைச் சுத்தியல், ஆணி தட்டும் பஞ்ச் ஒரு செட், முனை சரியாகப் பொருந்தும் திருப்புளிகள். “கடையில வாங்கற சாதாரண திருப்புளி ஸ்க்ரூ தலையத் தின்னுடும்,” என்றாள். மேஜைமேல் வெள்ளைத் துண்டு விரித்திருந்தாள், கீழே விழுகிற சின்ன ஸ்ப்ரிங்கைக் கண்டுபிடிக்க.

ஞாயிறு சர்ச் முடிந்து நான் அங்கே போய்விடுவேன். பார்ப்பதற்கு வேடிக்கையாகவும் இருக்கும், கஷ்டமாகவும் இருக்கும். திருப்புளியை ஸ்க்ரூமேல் வைக்கப் போவாள், காற்றில் வைப்பாள். கொஞ்ச நேரத்தில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். இடது கை ஆள்காட்டி விரல் முதலில் ஓட்டையைத் தேடிப் போகும், விரலைத் தொட்டுக்கொண்டே ஸ்க்ரூ பின்னால் போகும். பிறகு பாகங்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். முகத்தைத் தூக்கிச் சுவரைப் பார்த்துக்கொண்டு கையால் மட்டும் மாட்டினாள். இருபத்திரண்டு வருடம் இரும்பைப் புரட்டிய கை, கண் சொல்வதற்கு முன் தெரிந்துகொண்டது.

டெல்மர் பக்கத்தில் நின்று தவிப்பார்.

“நான் ஒரு பக்கம் புடிக்கட்டா?”

“வேணாம்.”

“வெளிச்சமாவது காட்டட்டா?”

“யோவ், போய் குதிரைக்குத் தண்ணி காட்டு.”

குழலை இறுக்கிய அன்று மூவரும் மேஜையைச் சுற்றி நின்றோம். குழலும் உடலும் சேருகிற இடத்தில், தோட்டா உட்காரும் ஆழம் சரியாக இருக்க வேண்டும். அதைச் சோதிக்கத் தோட்டா உருவத்தில் இரண்டு எஃகுத் துண்டுகள், அவைதான் கேஜ். முதல் துண்டை உள்ளே வைத்தால் கைப்பிடி மூட வேண்டும். கொஞ்சம் நீளமான இரண்டாவதை வைத்தால் மூடக் கூடாது. மூடிவிட்டால் அந்தத் துப்பாக்கி வெடிக்கிறபோது சுடுகிறவர் முகத்துக்குத்தான் ஆபத்து. முதல் துண்டுக்கு மூடியது. இரண்டாவதற்கும் வழுக்கிக்கொண்டு மூடியது.

ரெட்டா எல்லாவற்றையும் கழற்றினாள். துடைத்தாள். மறுபடி மாட்டினாள். இறுக்கும்போது குழல் ஒரு மயிரிழை திரும்பிவிடுகிறது என்று கண்டுபிடித்து, பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். மூன்றாவது முறை, இரண்டாவது துண்டை வைத்துக் கைப்பிடியை அழுத்தினாள். பாதியில் நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கல் மாதிரி நின்றது.

“மூடல,” என்று டெல்மர் வருத்தமாகச் சொன்னார்.

“மூடக் கூடாதுய்யா!” என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் கத்தினோம்.

அடுத்தது கட்டை. உலோகம் மரத்தில் உட்காரும் இடத்தில் இம்மியும் ஆட்டம் இருக்கக் கூடாது. அதற்காகக் கட்டையின் பள்ளத்தில் எபாக்சி பசையை நிரப்பி, உலோகத்தை அதில் அமுக்கி வைத்து இறுகவிடுவார்கள். பசை உலோகத்தின் அச்சை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆனால் உலோகத்தோடு ஒட்டிவிடக் கூடாது. அதனால் முன்பே உலோகம் முழுவதும் மெழுகு பூச வேண்டும். ரெட்டா பொறுமையாகப் பூசினாள், பசையை நிரப்பினாள், அமுக்கிக் கட்டி வைத்தாள். மறுநாள் பிரித்தால் வரவில்லை. தட்டினாள், வரவில்லை. டெல்மரை இழுக்கச் சொன்னாள். மேஜைதான் நகர்ந்தது.

நான் போனபோது கராஜில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். டார்ச் வெளிச்சத்தில் கட்டைக்கும் உலோகத்துக்கும் நடுவே இருந்த இடுக்கைக் காட்டினாள். இடப்பக்கம் முழுக்க மெழுகு பளபளத்தது. வலப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றுமே இல்லை.

“கண்ணு இல்லாத பக்கம்,” என்றாள். “அங்க ஒரு பக்கம் இருக்குங்கறதே எனக்கு ஞாபகம் இல்ல, மேவிஸ். பாதி உலகத்த மறந்துட்டு வேல செஞ்சிருக்கேன். லாயிட் சரியாத்தான் சொன்னான்.”

“லாயிட் என்ன சொன்னான்?”

“‘ஒத்தக் கண்ணுக்கு எதுக்கு இந்தத் துப்பாக்கித் தொல்ல, பேசாம ஸ்வெட்டர் பின்னு’ன்னான்.”

“லாயிட் உடைச்சுப் போட்ட பாகத்தப் பத்தி அவன் மச்சான்கிட்ட இன்னைக்கே சொல்றேன்.”

அவள் சிரிக்கவில்லை. கன்னத்தில் நீர் வழிந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் வழிந்தது. பொய்க்கண்ணும் அழும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

டெல்மர் வாசலில் நின்று கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஜனவரியில,” என்று மெல்ல ஆரம்பித்தார், “சிலிண்டர் மாத்தப் போறப்ப, கோடையில ஸ்பேனர் போட்டும் அசையாத இணைப்பெல்லாம் தானா கழண்டுக்கும். குளிர்ல இரும்பு சுருங்குதில்ல. பசையும் சுருங்கும், ஆனா வேற அளவுல.”

ரெட்டா தலையைத் தூக்கினாள்.

“ஃப்ரீசர் காலியாத்தானே இருக்கு,” என்றார் டெல்மர்.

அந்தப் பெரிய ஃப்ரீசரில் இரண்டு ரொட்டியும் ஒரு பை நிறைய ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டும் மட்டும்தான் இருந்தன. போன வருடத்து எல்க் ஜூலையிலேயே தீர்ந்துவிட்டது. துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றி, குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல டெல்மர் உள்ளே படுக்க வைத்தார். திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நேராக அங்கேதான் போனோம். எடுத்து மேஜையில் வைத்ததும் அதன்மேல் பனி பூத்தது. ரெட்டா ரப்பர் சுத்தியலை எடுத்தாள். பிறகு நிறுத்தி, டெல்மரைப் பார்த்தாள்.

“புடி. வலப்பக்கம் நீ பாத்துக்க.”

டெல்மர் பிடித்தார். ஒரு தட்டு, இரண்டு தட்டு. மூன்றாவதில் படார் என்று சத்தம் கேட்டது. கட்டைதான் பிளந்துவிட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது உலோகம் தனியாக அவள் கையில் இருந்தது. கட்டையின் பள்ளத்தில் கண்ணாடி மாதிரி வழவழப்பான அச்சு. வலப்பக்கம் ஒரு துணுக்கு மட்டும் சின்னதாகப் பெயர்ந்திருந்தது. அதை அவள் அந்த வாரமே நிரப்பிவிட்டாள்.

அதற்கப்புறம் டெல்மரைக் குதிரைக்குத் தண்ணீர் காட்டச் சொல்லி அனுப்பவில்லை. மேஜையின் வலது பக்கம் அவருக்கு என்று ஆகிவிட்டது. விசையைப் பொருத்தினாள், பாதுகாப்புப் பூட்டு பிடிக்கிறதா என்று நூறு தடவை சோதித்தாள், குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை மாட்டினாள். வேலை முடிந்ததும் கோல்பி எல்லாவற்றையும் ஒரு முறை சோதித்துப் பார்த்தான். குறை தேடித் தேடிக் களைத்து, “கேஜ் வளையல,” என்று மட்டும் சொன்னான்.

அக்டோபரின் இரண்டாவது சனிக்கிழமை சரளைக்கல் குழிக்குப் போனோம். முதல் குண்டை அவள் தோளில் வைத்துச் சுடவில்லை. பழைய டயர்களுக்கு நடுவே துப்பாக்கியைக் கட்டி வைத்து, விசையில் நீளமான கயிறு கட்டி, நாங்கள் மூவரும் பிக்கப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதும் இழுத்தாள். சத்தம் மலையில் மோதித் திரும்பியது. போய்ப் பார்த்தோம். தோட்டாக் கூட்டில் ஒரு கீறல் இல்லை. அதை விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தாள். பிறகு துப்பாக்கியை எடுத்து இடது தோளில் வைத்தாள்.

சுட்டாள். இடது கை கீழே போனது, கைப்பிடியைத் தூக்கியது, இழுத்தது, தள்ளியது. கை முகத்துக்கு முன்னால் வரவே இல்லை. கண் மூடவில்லை. மறுபடி சுட்டாள். ஐந்து குண்டு. அட்டையில் ஐந்து ஓட்டைகளையும் என் உள்ளங்கையால் மூட முடிந்தது.

“எப்படி?” என்றார் டெல்மர்.

“கொஞ்சம் வலப்பக்கம் இழுக்குது,” என்றாள் ரெட்டா. “அது துப்பாக்கி இல்ல, நான்தான். சரி பண்ணிக்கலாம்.”

சீசன் தொடங்கியது. அவளிடம் பெண் எல்க் ஒன்றுக்கான அனுமதிச் சீட்டு இருந்தது. இரண்டாவது வாரம் மரங்களுக்கு நடுவே ஒன்று வந்து நின்றதாம். தூரம் அளக்கும் கருவியில் பார்த்தால் நூற்றிருபது கெஜம்தான். ஸ்கோப்பில் அதன் தோள் தெரிந்தது, குறுக்கே ஒரு கிளையும் தெரிந்தது. கிளை மானுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. முன்னால் இருந்தால் குண்டு கிளையில் பட்டு விலகும், மான் காயத்தோடு ஓடி எங்கோ போய்ச் சாகும். அவள் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். எல்க் நிதானமாக நடந்து போய்விட்டது.

திங்கட்கிழமை கவுன்ட்டரில் அதைச் சொன்னபோது லாயிட்டும் அங்கே இருந்தார். “கையில கிடைச்சத விட்டுட்டியா?” என்றார்.

“ஆமா. தெரியாததச் சுடறதுக்கு ரெண்டு கண்ணு இருக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க.”

லாயிட் போன வருடம் தன் சொந்தப் பிக்கப்பின் கண்ணாடியைச் சுட்டவர். பில்ட்டரை வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அவள் மரக்காட்டுக்குள் போகவில்லை. மரமில்லாத வெட்டவெளியை, குறுக்கே எதுவும் வராத சரிவை மட்டும் தேர்ந்தெடுத்தாள். நாள் முழுக்கக் காத்திருந்தும் வெறுங்கையோடு வந்தாள். நவம்பர் கடைசியில் வரும் நன்றிநாள் விருந்துக்குக் கடை வான்கோழிதான். அது கழிந்த ஞாயிறு சீசனின் கடைசி நாள்.

அந்தக் காலை நடந்ததை எனக்கு டெல்மர்தான் சொன்னார், அதுவும் அன்று வழக்கத்துக்கு மாறாகத் தூங்காததால். முட்டளவு பனி. எதிர்ச் சரிவு வெள்ளைத் துணி விரித்தது போல இருந்தது. ஒன்பது மணி சுமாருக்கு ஏழு எல்க் வரிசையாக அதில் இறங்கின. ரெட்டா பையின்மேல் துப்பாக்கியை வைத்துப் படுத்தாள். கடைசியாக வந்த பெரிய பெண் எல்க் நின்று, பனியைக் கிளறியது. முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை, பனி மட்டும்.

“நூத்தி எழுவது,” என்று டெல்மர் கருவியைப் பார்த்துச் சொன்னார்.

அவள் மூச்சை வெளியே விட்டாள். சுட்டாள். எல்க் இரண்டு அடி நடந்து, முன்னங்கால் மடிந்து, சாய்ந்தது. அவள் கை தானாகக் கீழே போய் அடுத்த தோட்டாவை ஏற்றியது. அது தேவைப்படவில்லை.

பக்கத்தில் போய்க் கையுறையைக் கழற்றி, அதன் கழுத்தில் கை வைத்துக் கொஞ்ச நேரம் முழந்தாளிட்டிருந்தாளாம். அது அவள் எப்போதும் செய்வது. எழுந்தபோது டெல்மரைப் பார்த்து, “யோவ், தூங்கலியா நீ?” என்றாளாம்.

“எப்படித் தூங்கறது? நீ விடற மூச்செல்லாம் எனக்குக் கேட்டுச்சு,” என்றாராம் அவர்.

இறைச்சியைச் சுமந்து வர நானும் என் கணவரும் போனோம். நான்கு பேர், மூன்று நடை. இருட்டுவதற்குள் முடித்துவிட்டோம். எங்கள் வீட்டுக்கும் ஒரு பின்னந்தொடை வந்தது. கோல்பிக்கும் கொஞ்சம் போனது. அவன் வாங்கிக்கொண்டு, “இடக்கைத் துப்பாக்கிதானா?” என்று கேட்டான், வேறு யாருடையதோ என்பது போல.

பிப்ரவரியில், கடையில் கூட்டமில்லாத ஒரு வியாழன், ஹார்லன் யோஸ்ட் வந்தார். மேட்டுப் பண்ணைக்காரர். இரண்டு கோடைக்கு முன் வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் அவர் வலக்கையின் மூன்று விரல்கள் போயின. ஒன்றும் வாங்கவில்லை. பெல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தார், எண்ணெய் டப்பாக்களைப் படித்தார், கவுன்ட்டருக்கு வந்து கையைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“கோல்பி சொன்னான்,” என்றார். “பார்ட்ஸ் வாங்கி நீயே செஞ்சியாமே.”

“செஞ்சேன்.”

“எனக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு. கைதான்.”

“கையக் காட்டு.”

அவர் தயங்கினார். பிறகு வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார். ரெட்டா அதை எடுத்து, கூச்சமே இல்லாமல், இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து அழுத்தச் சொன்னாள். அவர் அழுத்தினார்.

“நல்ல புடி இருக்கே,” என்றாள். “இந்தக் கை தாங்கறதுக்குப் போதும். இடது கை சுடட்டும். இடது கண்ணுல குறி பாக்கப் பழகணும், அது மட்டும் ரெண்டு மாசம் உசிர வாங்கும்.”

“எனக்கு இந்த மெஷின் வேலையெல்லாம் வராது, ரெட்டா.”

“வரலன்னா என்ன? தப்பா மாட்டுவ, கழட்டுவ. எங்க வீட்டு ஃப்ரீசர் இப்ப நிறைஞ்சிருக்கு, அதனால மெழுகு மட்டும் ஒழுங்கா பூசணும்.” மேஜைக்குக் கீழிருந்து இடக்கைப் பாகங்களின் பட்டியலை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். “முதல்ல கட்டையப் பாப்போம். என்ன மரம் புடிக்கும் உனக்கு?”

ஹார்லன் படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வால்நட்,” என்றார்.